பஸ்ஸுக்குக் கை காட்டுறவன்

டோக்கன் இருபத்தொம்போது உள்ள போயாச்சு, நம்மளது நாப்பத்தொண்ணு, நடுவுல பதினோரு பேரு, ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம்னு வச்சாலும் ஒரு மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. பிள்ளை காலையில ரெண்டு இருமல் இருமினா, அவ்வளவுதான், அப்புறம் இருமல. மூச்சு நல்லாத்தான் போகுது, என் கழுத்துல சூடா அடிக்குது, இந்தா இப்ப, இந்தா இப்ப. இந்தப் பெஞ்சுல சாய முடியாது, சுவத்துல சாய்ஞ்சா சுண்ணாம்பு ஒட்டுது, ஆனாலும் எனக்குக் கண்ணைக் கட்டுது. பிள்ளைக்கு என்னமோன்னு வந்து உக்காந்திருக்கிற எடத்துல ஒரு தாய்க்குத் தூக்கம் வருமா. எனக்கு வருது. பதினாலு மாசமா நின்னா வருது, பாத்திரம் தேய்க்கையில வருது, சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டா வருது. தூங்காம இருந்தது அந்த ஒரு நேரம் மட்டுந்தான், மொட்டை மாடியில அவனை நிறுத்திப் படம் எடுக்கிற நேரம், அந்த நேரத்துலதான் இப்படி ஆகிப்போச்சு. ஆகலை. ஆச்சுன்னு யாரு கண்டா. அவனோட விரிஞ்ச கையைக் காணோம், அதுதான் நெசம். அவன்னா ஆள் இல்ல, பொம்மை, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சலா ஒரு பிளாஸ்டிக் பட்டாளத்துக்காரன். முழங்கை முழங்கால் கழுத்து எல்லாம் மடங்கும், மணிக்கட்டோட கையைக் கழத்தி வேற கை மாட்டலாம், மூடின கை ஒரு சோடி, துப்பாக்கி பிடிக்கிற கை ஒரு சோடி, விரிஞ்ச கை ஒரு சோடி. விரிஞ்ச வலது கையைத்தான் காணோம். மாடித் தரையை ரெண்டு தடவை கூட்டிப் பாத்தாச்சு. மழைத்தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குள்ள உருண்டிருக்கும். ஓட்டைக்குப் பக்கத்துலதான் பிள்ளை உக்காந்திருந்தா. ஓட்டையா இருந்தா பொழைச்சோம். வாயா இருந்தா. ஓட்டைதான்.

"ஏ கோமு, இது சளியில்ல பாத்துக்க." மதினி பக்கத்துல உக்காந்து பிள்ளை வாயைச் சேலைத் தலைப்பால தொடச்சிக்கிட்டே இருக்காங்க. மதினின்னா அவருக்கு மூத்த அக்கா, பேச்சியம்மா, ரெண்டு தெரு தள்ளி வீடு. மத்தியானம் வந்து பாத்து, பிள்ளை பருப்புச்சோறு வேண்டாம்னு தலையை ஆட்டுறதையும் எச்சில் வடிக்கிறதையும் கண்டு, என்னட்டின்னு கேட்டாங்க. சளின்னு சொல்லிட்டேன். சளின்னு எப்படி வாயில வந்துச்சோ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான்தான் முந்திச் சொன்னேன், அதுவே அவங்களுக்கு ஆச்சரியம், நான் எதையும் முந்திச் சொல்லுற ஆள் இல்ல. "தொக்கந்தான் விழுந்திருக்கு. தொண்டையில என்னமோ அடைச்சு நிக்கி. எம் மூத்தவனுக்கு இப்படித்தான், மூணு நாள் டாக்டர் வீட்டுக்கு நடையா நடந்தேன், கடைசியில மரியதங்கம் எண்ணெயைத் தேச்சு, தொண்டையிலருந்து வயிறு மட்டும் நீவி, வாய்க்குள்ள விரலை விட்டு ஒரு எடுப்பு எடுத்தா, இத்தாத்தண்டி தேங்காச்சில்லு வந்து விழுந்துச்சு." எதிர்ப் பெஞ்சுல முழங்காலைத் தடவிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "தாயி, அந்தம்மாட்ட எம் முழங்காலுக்கும் எதுவும் எடுக்கச் சொல்ல முடியுமா"ன்னார். "ஒம்ம கால்ல எடுக்கதுக்கு என்ன இருக்கு, எலும்பைத்தான் எடுக்கணும்"னாங்க மதினி. வரிசையில இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சிருக்கணும். விரலை விட்டுன்னு சொன்னதுலயே நின்னுட்டேன். அஞ்சு விரலும் தனித்தனியா விரிஞ்ச கை, அடியில மணிக்கட்டுல சொருகுறதுக்கு ஒரு முளை. அது அங்க நிக்கிறதுன்னா, ஒருத்தி விரலை விட்டு அமுக்கினா, எங்க போகும்.

சொல்லிறலாம். மதினி, இது சளியில்ல, பாப்பா பொம்மைக் கையை முழுங்கியிருப்பாளோன்னு பயமா இருக்கு. இவ்வளவுதான், பத்து வார்த்தைகூட இல்ல. என்ன பொம்மை, யாரு பொம்மைன்னு கேப்பாங்க. அந்தப் பொம்மைப் பெட்டியை அவரு கொண்டு வந்தது அவங்களுக்குத் தெரியும். அவருக்குப் பெயிண்ட் வேலை, காலி பண்ணின வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன எடத்துல தூக்கிப் போட்டிருந்த சாமான், பாப்பா பெரிசானா வெளாடும்னு கொண்டு வந்து பரண் மேல போட்டாரு. அப்ப பாப்பாவுக்கு நாப்பது நாள். ஒரு நாள் மத்தியானம் அவ தூங்கினதும் எனக்குத் தூங்கத் தெரியாமப் போச்சு, பரண்ல கையை விட்டேன், அவன் வந்தான். துப்பாக்கியை உருவிப் போட்டுட்டு மாடிக் கைப்பிடிச் சுவத்துல நிறுத்தினேன். சும்மா ஒரு போட்டோ. போனைத் தலைகீழாப் பிடிச்சுத் தரையோட தரையா வச்சா கேமராக் கண்ணு அவன் காலுக்குக் கிட்ட வந்துரும், அது அன்னிக்கு என்னமோ தானா வந்துச்சு, எடுத்துப் பாத்தா எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மலை விளிம்புல ஆறடி ஆளு ஒருத்தன் நிக்கான், பின்னால வானம், அவ்வளவு பெரிய வானம் எங்க மாடியிலயா இருக்கு. அன்னிக்கு ராத்திரி சோறு கூட ஒரு கை சாப்பிட்டேன். அதுக்கப்புறம் பழைய ரவிக்கைத் துணியில சட்டை தச்சேன், அவரு வேட்டிக் கிழிசல்ல ஒரு வேட்டி. சாம்பலும் மணலும் கலந்து ரோடு, செங்கல் பொடியில மண்பாதை, இட்லிச் சட்டியைத் தொறந்தா அந்த ஆவிதான் மார்கழிப் பனி. மிஞ்சின பெயிண்டுல ஊர்ப் பலகை. எறும்பு ஒண்ணு ஊர்ந்தா எல்லாம் போச்சு, அவன் செருப்பு அளவுக்கு எறும்பு, பொம்மைன்னு காட்டிக் குடுத்துரும். ஏழாப்புக்கு மேல நான் படிக்கல. ஒரு காரியத்தை மொதல்லருந்து கடைசி வரைக்கும் நானே நெனச்சு நானே செஞ்சு நானே நல்லாயிருக்கு நல்லாயில்லன்னு சொன்னது இதுதான். அவனுக்குப் பேர் வைக்கல. பேர் வச்சா பேச ஆரம்பிச்சிருவோம்னு பயம், வீட்டுல பேச ஆள் இல்லாதவ.

முப்பத்திரெண்டு. முப்பத்திரெண்டு இல்லையான்னு டோக்கன் கூப்பிடுற பொண்ணு ரெண்டு தடவை கத்தினா, ஆள் டீக்குடிக்கப் போயிட்டாராம், முப்பத்திமூணு போயிட்டாங்க. பிள்ளை என் தாலியைப் பிடிச்சு வாயில வைக்கப் போறா, எடுத்துட்டேன். எல்லாத்தையும் வாயில வைக்கிறவ. மேல் வரிசையில பல்லு வருது, அதனாலதான் எச்சில் வடியுது, போன வாரமும் வடிஞ்சுச்சு, வடிஞ்சுச்சா, வடிஞ்சுச்சு. பல்லு வந்தா சோறும் வேண்டாம்னுதான் இருக்கும். அப்ப ஓட்டைதான். ஓட்டையா இருந்தா இந்தக் கூட்டத்துல வந்து எதுக்கு உக்காந்திருக்கேன். டாக்டர் என்னன்னு கேட்டா சளின்னு சொல்லணும், மதினி பக்கத்துல நிப்பாங்க, சளிக்கு மருந்து எழுதுவாங்க, வீட்டுக்குப் போயிருவோம். அதுக்கா வந்தேன். அவங்களே டார்ச் அடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு வந்திருக்கேன். நான் சொல்லாமலே ஒருத்தர் கண்டுபிடிக்கணும். சின்னப் பிள்ளையிலருந்து இப்படித்தான், பள்ளிக்கூடத்துல வயித்து வலின்னு சொல்ல மாட்டேன், டீச்சரா பாத்து ஏன் மொகம் வேர்க்குதுன்னு கேக்கணும். கேக்காத அன்னிக்கு அப்படியே இருந்துட்டு வந்திருவேன். இன்னிக்கு வலி எனக்கு இல்லையே. அவளுக்குல்ல.

"தம்பி மொகமே சரியில்ல ரெண்டு மாசமா." மதினி குரலைத் தாழ்த்திட்டாங்க. தாழ்த்தினாலும் பெரியவருக்குக் கேக்கும். "கேட்டா ஒண்ணுமில்லங்கான். அப்புறம் சொன்னான். ஒம் போன்ல எவனோ ஒருத்தன் நிக்கானாம்ல." நான் பிள்ளை தலைமுடியை ஒதுக்கி விட்டேன். அது ஆடி மாசம். குளத்தங்கரையில ஒருத்தன் முதுகைக் காட்டி நிக்கிற மாதிரி ஒரு படம், குளம்னா குளிக்கிற வாளித் தண்ணியை மாடியில ஊத்திவிட்டது. அவரு ரீசார்ஜ் பண்ணப் போனை வாங்கினவரு அதைப் பாத்துட்டாரு. "யாருட்டி இவன்?" எனக்கு மொதல்ல சந்தோசந்தான் வந்துச்சு. இதை யாருகிட்டச் சொல்ல. ஆளுன்னே நெனச்சிட்டாரே, அவ்வளவு நல்லா வந்திருக்கேன்னு நெஞ்சு குதிச்சுச்சு. "எந்தூர்க்காரன்? மூஞ்சியைக் காட்டாம நிக்கான், களவாணிப்பய." ஏங்க, அது பாப்பா பொம்மைங்கன்னு சொல்லி, பரண்லருந்து எடுத்துக் காட்டியிருந்தா அந்த நிமிசத்துல முடிஞ்சிருக்கும். பிள்ளை பெத்தவ பொம்மைக்குச் சட்டை தச்சுப் போட்டு வெளாடுதான்னு ஊரே சொல்லும், அவரு சொல்ல வேண்டாம், சிரிச்சாலே போதும். யாரோ அனுப்பின படம்னு சொன்னேன். யாரு அனுப்பினான்னு கேட்டாரு. குரூப்புல வந்துச்சுன்னேன். எந்தக் குரூப்புன்னாரு. பொம்மைன்னு சொல்லுறதுக்கு ஆம்பளைன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அன்னிலருந்து போனுக்கு லாக் போட்டேன். அது இன்னும் மோசமாப் போச்சு. "நான் அவன்ட்டச் சொன்னேன், கோமு அப்படிப்பட்டவ இல்ல, அவளுக்கு எம் மொகத்தைப் பாத்தே பேச வராது, எவங்கிட்டப் போயிப் பேசப் போறா" மதினி என் முழங்கால்ல ஒரு தட்டு தட்டினாங்க. "இல்லல்லா?" "இல்ல மதினி." சொல்ல இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரம் வராது. முப்பத்தஞ்சுன்னு கூப்பிட்டா அந்தப் பொண்ணு. நேரம் போயிருச்சு.

இன்னிக்கு எடுக்க நெனச்சது ஒண்ணும் பெரிய படமில்ல. ரோட்டோரத்துல நிக்கிறவன் பஸ்ஸுக்குக் கை காட்டுறான். பஸ் தெரியாது, கை மட்டும் தூக்கியிருக்கும், வரப் போகுதுன்னு அவன் நிக்கிற நிலையில தெரியணும். காலையில பத்தரைக்கு மேல தண்ணித் தொட்டி நெழலு தரையில நேரா விழும், அது மரத்து நெழலு மாதிரி இருக்கும், ஒரு இருபது நிமிசம், அதுக்கப்புறம் போயிரும். பிள்ளை தூங்கல. இடுப்புலயே வச்சுக்கிட்டு ரோடு போட்டேன், அப்புறம் கீழ உக்கார வச்சு ஒரு டப்பாவும் கரண்டியும் குடுத்தேன். டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டிருந்தா. மூடின கையோட, பையைப் பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி மொதல்ல எடுப்போம்னு எடுத்தேன். விரிஞ்ச கையைப் பக்கத்துல வச்சேன். எங்க வச்சேன். துணி மேல. துணி மேலதான் வச்சேனா. நெழலு ஓடுதேன்னு போன்லயே கண்ணு, ஒண்ணு எடுத்து, வலது பக்கம் நகர்த்தி, இன்னொண்ணு எடுத்து. எப்பவோ டொக்கு டொக்கு நின்னுபோச்சு. நின்னதை அப்ப நான் கேக்கல, இப்பத்தான் கேக்குது. அப்புறம் ரெண்டு இருமல். திரும்பிப் பாத்தேன், கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. தூக்கி முதுகைத் தட்டிட்டு, சரி, கையை மாட்டுவோம்னு தேடினா இல்ல. அந்தப் படங்களை இன்னும் நான் தொறந்து பாக்கல. போன் இடுப்புல சேலை மடிப்புல இருக்கு, சுடுற மாதிரி இருக்கு. பாத்தா கடைசியா கை எந்தப் படத்துல இருந்துச்சுன்னு தெரிஞ்சாலும் தெரியும். தெரிஞ்சுட்டா ஓட்டைன்னு சொல்லிக்கிட முடியாது.

"ஏ, எந்திரி. இந்தக் கூட்டம் கோயில் கொடைக்கு வந்த கூட்டம், இது இன்னிக்குக் கொறையாது." மதினி செருப்பை மாட்டிட்டாங்க. "மரியதங்கம் வீடு இந்தா, பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால. பத்து நிமிசத்துல எடுத்துருவா. பிள்ளையைத் தா." நான் தரலை. அவங்களா தூக்கிக்கிட்டாங்க, அவங்க தூக்கினா அது எப்பவும் போகும், இப்பவும் போச்சு, தோள்ல மொகத்தை வச்சு என்னைப் பாத்துச்சு. வாயோரம் ஒரு நூலு மாதிரி எச்சில். நான் உக்காந்தே இருக்கேன். வேண்டாம் மதினின்னேன். "என்ன வேண்டாம்?" சளிதான் மதினி, மருந்து வாங்கிட்டுப் போவோம். "சளியாம் சளி, மூக்கு காய்ஞ்சு கெடக்கு. பிள்ளை பெத்து வளத்தவ சொல்லுதேன், கேளு." வாசலுக்கு நாலு எட்டு. பெரியவர் காலை மடக்கி வழி விட்டாரு. ஒரு எட்டு வச்சாச்சு. வாயில எண்ணெய் விரல் போகும், அஞ்சு விரலுக்குக் குறுக்கே இன்னும் ரெண்டு விரல், அமுக்கும், நீவும், மூச்சு நிக்கும். ரெண்டாவது எட்டு. என்னைப் பாத்து யாராவது ஏன் மொகம் வேர்க்குதுன்னு கேக்கணும். யாரும் கேக்கல. டோக்கன் பொண்ணு சீட்டுல என்னமோ எழுதிக்கிட்டிருந்தா. மூணாவது எட்டுல என் வாயிலருந்து ஒரு சத்தம் வந்துச்சு, என் சத்தம்னு எனக்கே தெரியல, மாட்டை அதட்டுற மாதிரி. "தொக்கம் எடுக்கக் கூடாது! அவ பொம்மைக் கையை முழுங்கிட்டா!" வராண்டாவே திரும்பிச்சு. "நான் பொம்மையை வச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன், அதோட கையை இவ முழுங்கிட்டா. காலையில பதினோரு மணிக்கு. நான்தான் சொல்லாம இருந்தேன்." மதினி நின்ன எடத்துலயே நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு பேனாவைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்தா. "இதை ஏங்க வந்ததும் சொல்லல, வாங்க, உள்ள வாங்க." முப்பத்தாறு யாருன்னு தெரியல, அவங்க வாசல்ல ஒதுங்கி நின்னு என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. பாக்கட்டும்.

டாக்டரம்மா மூச்சைக் கேட்டாங்க, முதுகுல கேட்டாங்க, நாக்கை அமுக்கி டார்ச் அடிச்சாங்க, பிள்ளை வீல்னு அழுதுச்சு. அழுகை தெளிவா இருக்கு, நல்லதுன்னாங்க. "பிளாஸ்டிக்கா, இரும்பா? காந்தம் எதுவும் உண்டா?" பிளாஸ்டிக். "எவ்வளவு பெரிசு? கூரா இருக்குமா?" நான் விரல்ல காட்டினேன், ஒரு தடவை சின்னதாவும் ஒரு தடவை பெரிசாவும் வந்துச்சு. "போட்டோ எடுத்தேன்னீங்களே, அதைக் காட்டுங்க." தொறந்தேன். டாக்டரம்மா பாத்துட்டு, "இது யாரோ ஆள் ரோட்டுல நிக்கிறாரும்மா. பொம்மை படத்தைக் காட்டுங்க"ன்னாங்க. "இதுதான் டாக்டர் பொம்மை." மதினி என் தோளுக்கு மேல குனிஞ்சு பாத்தாங்க. குளத்தங்கரையில நின்ன அதே சட்டை, அதே முதுகு, தம்பி வாயால கேட்டு வச்சிருந்திருப்பாங்க. டாக்டரம்மா படத்தை விரலால பெரிசாக்கினாங்க. "இதுல அளவு எப்படித் தெரியும்? இவரு ஆறடி இருக்காரு. பக்கத்துல அளவு தெரியிற மாதிரி ஏதாவது வச்சு எடுத்திருக்கீங்களா, ஒரு காசு, தீக்குச்சி, ஏதாவது?" அப்படி எதுவும் உள்ள வந்துறக் கூடாதுன்னுதான வருசம் பூரா பாடுபட்டேன். தள்ளினேன். அவன் பையோட நிக்கான். தள்ளினேன். நெழலு நகர்ந்திருக்கு. தள்ளினேன், ரோட்டோரத்துல கீழ மூலையில ஒரு கை கெடக்குது, விரிஞ்சு, துணியில இல்ல, ரோட்டுலயே வச்சிருக்கேன். தள்ளினேன். அந்தக் கைக்குப் பக்கத்துல மரத்தடி மாதிரி பெரிசா, ரோஸ் நெறத்துல, மங்கலா, ரெண்டு விரல். அடுத்ததுல அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல கை. நகத்துல, காலையில அவ கன்னத்துல நான் தொட்டு வச்ச மை ஒட்டியிருந்துச்சு. அதுக்கடுத்ததுல அந்த மூலையில ரோடு மட்டும் இருந்துச்சு, ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, நெழலு சரியா விழுந்து, ஒரு தூசி இல்லாம. அதுக்கப்புறமும் நாலு படம் எடுத்திருக்கேன்.

டாக்டரம்மா பிள்ளை விரலைப் பிடிச்சுப் படத்துக்கு நேரா வச்சுப் பாத்தாங்க. "ஒண்ணேகால் சென்டிமீட்டர் இருக்கும். விரல்கள் மழுங்கலாத்தான் தெரியுது." ஒரு ஸ்பூன் தண்ணி குடுக்கச் சொன்னாங்க, முழுங்கிட்டா, இன்னொண்ணு, அதையும், மூணாவதுக்கு ஸ்பூனைப் பிடிச்சு இழுத்தா. வயித்துக்குப் போயிருக்கும், எச்சில் பல்லுக்குத்தான், ஒரு மணி நேரம் இங்கயே இருங்க, பால் குடுங்க, வாந்தி வந்தா, இருமினா, மூச்சு ஒரு மாதிரி இருந்தா உடனே கூப்பிடுங்க, மூணு நாளைக்கு வெளிக்கிப் போறதைக் கிளறிப் பாருங்க, வரலைன்னா வாங்க. எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். "நல்லவேளை படம் எடுத்தீங்க"ன்னாங்க, அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க. திரைக்குப் பின்னால ஒரு கட்டில்ல உக்கார வச்சாங்க. பிள்ளை குடிக்க ஆரம்பிச்சா. மதினி கையை நீட்டினாங்க. "போனைத் தா. தம்பிக்குச் சொல்லணும். எம் போன்ல காசில்ல." குடுத்தேன். லாக் என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். வராண்டாவுல நின்னு அவங்க பேசுறது ஆஸ்பத்திரி பூரா கேட்டுச்சு. "ஏல, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, மொதல்ல அதைக் கேட்டுக்க. பால் குடிக்கா. ஆமா. இன்னொண்ணு, அந்தப் பய, போன்ல நின்னானே, அவன் இங்கதான் இருக்கான். எங் கையில இருக்கான். கத்தாத. கத்தாதங்கேன். ஒரு சாணு கூட இல்லல, ஒம் பொண்டாட்டி தச்ச சட்டை போட்டிருக்கான், அவன் வேட்டி ஒன் வேட்டிக் கிழிசல்." யாரோ சிரிச்சாங்க, முழங்கால் பெரியவராத்தான் இருக்கும். வெக்கப்படணும்னு நெனச்சேன். அதுக்கும் தெம்பு வேணும்போல. பிள்ளை ஒரு கையால என் ரவிக்கையைப் பிடிச்சிருந்தா, அந்த ரெண்டு விரல்தான், மடக்கி விரிச்சு மடக்கி விரிச்சு. கண்ணை மூடாம அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.